அபஸ்வரத்துக்கு இரண்டு மணி நேரம்

போன நவம்பரில் ஒரு ராத்திரி. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய அசைன்மெண்ட் பாதிகூட முடியவில்லை. நியூயார்க் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அறையில் பேச ஆள் கிடையாது, அதனால் ரேடியோ எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல், கல்லூரி மாணவர்கள் நடத்தும் ஒரு வானொலியில் ஒரு பெண் குரல், அடுத்த இரண்டு மணி நேரமும் டான் செர்ரி மட்டும்தான் என்றது.

இந்த ஊரில் இது அதிசயமில்லை. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களின் டபிள்யூகேசிஆர் நிலையம், பெரிய ஜாஸ் கலைஞர்களின் பிறந்தநாளில் 24 மணி நேரமும் அவர்கள் இசையையே போடும். நடுவில் விளம்பரம் கிடையாது.

முதலில் 'லோன்லி வுமன்'. 1959ல் ஆர்னெட் கோல்மன் குழு பதிவு செய்தது. பியானோ இல்லை. கீழே டிரம்ஸ் ஓட்டமாய் ஓடுகிறது. மேலே கோல்மனின் சாக்ஸபோனும் செர்ரியின் கார்னெட்டும் மெதுவாக இழுக்கின்றன. ஒரே மெட்டுதான், ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. எனக்குக் காது கூசியது. சுத்த அபஸ்வரம்!

சின்ன வயதில் ஆறு வருடம் பாட்டு கற்றுக்கொண்டேன். ஸ்ருதி விலகினால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். அந்தப் பயத்திலேயே நிறுத்தினேன். அதற்கப்புறம் குளியலறையில்கூடப் பாடியதில்லை.

எழுந்து போய் ரேடியோவை அணைக்கச் சோம்பல். கம்ப்யூட்டரில் ஓடியிருந்தால் முப்பது விநாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவியிருப்பேன்.

அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. செர்ரி பின்னாளில் விரும்பி வாசித்த பாக்கெட் டிரம்பெட் பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும், குழாயின் நீளம் சாதாரண டிரம்பெட் அளவுதான், நெருக்கமாகச் சுருட்டியிருக்கிறார்கள் என்றாள். பிறகு 1965ல் பதிவான 'கம்ப்ளீட் கம்யூனியன்'. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க இடைவெளியே இல்லாமல் ஒரே ஓட்டம். இதை எந்த வணிக வானொலி போடும்? அடுத்து காலின் வால்காட்டின் சித்தாரோடும் தப்லாவோடும் செர்ரி வாசித்த 'கொடோனா'. பெயரெல்லாம் எடுத்த பிறகு அவர் பண்டிட் பிரான் நாத்திடம் மாணவராக உட்கார்ந்து பாட்டு கற்றார் என்பதையும் சொன்னாள். அந்த இடத்தில் அசைன்மெண்டை மூடிவிட்டேன்.

கடைசியில், ஒரு விளக்கமும் சொல்லாமல், மறுபடி அதே 'லோன்லி வுமன்'.

இந்தத் தடவை வேறு பாட்டாக இருந்தது. இழவு வீட்டில் இரண்டு பாட்டிகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது ஸ்ருதிப் பெட்டியா வைத்துக்கொள்கிறார்கள்? ஒருத்தி குரல் முந்தும், இன்னொருத்தி குரல் உடையும். துக்கம் ஒன்றுதான், மூச்சு அவரவருடையது. இங்கேயும் அப்படித்தான். விலகல் தெரியாமல் வந்த பிழை இல்லை.

பாட்டு மாறவில்லை. நடுவில் இரண்டு மணி நேரம் அந்த ஆளோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதற்குத்தான் அந்த நேரமும், பொறுமையாகத் தட்டு மாற்ற ஒரு ஆளும் வேண்டியிருக்கிறது போல.

செர்ரி 1995ல், 58 வயதில் இறந்துவிட்டார். அந்தப் பெண்ணின் பெயரை நான் கவனிக்கவில்லை. அசைன்மெண்டில் மதிப்பெண் மோசம்.

ஆனால் அன்று ராத்திரி பல் தேய்க்கும்போது அந்த மெட்டை முனகிக்கொண்டிருந்தேன். ஸ்ருதி சேரவில்லைதான். நிறுத்தவில்லை.