மலையிடை வானும் கடல்மேல் வானும்

பொழுதுபோக்கு என்னும் சொல், பயனற்றதொரு செயலைக் குறிப்பதாகவே நம் ஊர்ப்பக்கம் கொள்ளப்படுகிறது. அதிலும் உறங்க வேண்டிய நேரத்தில் முக்காலியையும் ஒளிப்படக்கருவியையும் தூக்கிக்கொண்டு தோப்புக்கும் வயலுக்கும் அலைபவனை எவரும் மதிப்பதில்லை. காவலுக்கு வந்தவனோ, களவுக்கு வந்தவனோ என்று நாய்கள்கூட ஐயுறுகின்றன. ஆயினும் பல்லாண்டுகளாக இதனை விடாமல் செய்து வருகின்றேன். இவ்வாண்டு மலரில் அதனைப் பற்றி எழுத வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்தியமையால் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள முற்படுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கு, விண்மீன் காண்பவர்க்கு ஒருவகையில் கொடை, மற்றொருவகையில் தடை. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்கிறது. தெற்கிலும் தென்கிழக்கிலும் மேகமலைத் தொடர். வடக்கே தொலைவில் கொடைக்கானல் மலை நீலமாய்த் தெரியும். இம்மலைகள் தூரத்து நகரங்களின் ஒளியைப் பெரிதும் மறைத்து, இரவை நமக்கு இருளாகவே காத்துத் தந்தன. ஆனால் அடிவானத்தை அவை விழுங்கிவிடுகின்றன. இளம்பிறை பார்க்கும் மாலைகளில் இதனை நாம் அனைவரும் உணர்ந்திருப்போம். முதற்பிறை அடிவானத்திற்குச் சில பாகைகளே மேலே நிற்கும். நம் ஊரிலோ அதற்குள் மலை வந்துவிடும். மாடியில் ஏறி நின்று பார்த்துச் சலித்து, பிற ஊர்களிலிருந்து செய்தி வரும்வரை காத்திருந்த சிறுவயது மாலைகள் பல.

கடற்கரையில் அத்தடை இல்லை. உறவினர் இல்லம் கீழக்கரையில் இருப்பதால் விடுமுறைதோறும் அங்குச் செல்லும் வாய்ப்புக் கிடைக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரை பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருக்க, மன்னார் வளைகுடாவின் இப்பகுதி தெற்கு நோக்கித் திரும்பியுள்ளது. எனவே தென்வானம் முழுவதும் கடல்மேல் கவிந்து கிடக்கும். தை, மாசித் திங்கள்களில் முன்னிரவில் அகத்திய மீன் தெற்கே ஏறத்தாழ 28 பாகை உயரத்தில் ஒளிரும். வைகாசித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் தென்சிலுவை நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். கரைக்கு அப்பால் உள்ள தீவுகளும் பவளப்பாறைகளும் அலையின் வேகத்தைத் தணித்துவிடுவதால், நீர் அடங்கிய இரவுகளில் அகத்தியத்தின் ஒளி கடலில் ஒரு கோடாக இறங்கும். அதனைப் படமெடுத்த நாளில், நம் கூடலூரில் மலையை ஒட்டி நின்றுகொண்டு இதே தென்சிலுவைக்காக முகட்டை அண்ணாந்து பார்த்தது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன்.

எடுக்கும் முறை கடினமானதன்று. பூமி நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை சுழல்கிறது. ஆதலால் கருவியின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்தால் விண்மீன் புள்ளியாக இராமல் கோடாகிவிடும். 500 என்னும் எண்ணை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால், எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்பது கிடைக்கும் என்பது ஒளிப்படக்காரர் கைக்கணக்கு. 20 மில்லிமீட்டர் லென்ஸ் எனில் 25 விநாடி. ஒளித்துளை 2.8, ஐ.எஸ்.ஓ. 3200 என வைத்தால் பால்வழி மண்டலம் தெளிவாக விழும். பிலிம் சுருள் காலத்தில் இது எளிதன்று. நேரம் நீள நீளப் பிலிமின் உணர்திறன் குன்றிவிடும். கழுவிப் பார்க்கும்வரை என்ன கிடைத்தது என்றும் தெரியாது. கடற்கரையில் வேறு தொல்லைகள். உப்புக் காற்று லென்ஸில் படலமாய்ப் படியும். ஈர மணலில் முக்காலி சிறிது சிறிதாகப் புதையும். தொலைவில் செல்லும் மீன்பிடிப் படகின் விளக்கு படத்தின் குறுக்கே கோடு கிழிக்கும். படகுக்காரர் தம் பிழைப்பைப் பார்க்கிறார். அவரை நொந்து பயனில்லை. உண்மையில் அக்கோடு விழுந்த படங்களே எனக்குப் பிடித்தவை.

பள்ளத்தாக்கில் பருவம் பார்த்தே இதனைச் செய்ய இயலும். பால்வழியின் மையப்பகுதி முன்னிரவில் தெரிவது ஆடி, ஆவணியில். அப்போது கேரளத்து மழைமேகம் மலை தாண்டி வந்து வானை மூடியிருக்கும், சாரல் வேறு. ஆகவே மாசி, பங்குனியில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தென்கிழக்கே மேகமலைக்கு மேல் அது எழுவதைப் பிடிக்க வேண்டும். மலைமேல் சென்று எடுக்கலாமே என்பார் உளர். அது 2021 முதல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம். இரவுப் பயணத்திற்கு அனுமதி இல்லை, இருத்தலும் கூடாது. புலிக்கும் இருள் வேண்டுமன்றோ?

தமிழ்த்துறை மலரில் எழுதும்போது புறநானூற்றின் 229-ஆம் பாட்டைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது. பங்குனியின் முற்பாதியில் நள்ளிரவில் ஒரு விண்மீன் எரிந்து வீழ்ந்ததையும், அவ்வேளையில் எந்த மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது எழுந்தது, எது மேற்கில் மூழ்கியது என்பதையும் புலவர் முறையாகக் குறிக்கிறார். எரிமீன் எத்திசை சாயாது வீழ்ந்தது என்றும் சொல்கிறார். பின்னர் ஏழு நாள் அஞ்சியிருந்து, ஏழாம் நாள் மன்னன் மறைந்த துயரத்தைப் பாடுகிறார். நிமித்தத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் படமெடுப்பவன் குறிப்பேட்டில் எழுதும் திங்கள், நேரம், திசை, உயரம் யாவும் அங்கு உள்ளன. கருவி ஒன்றுதான் இல்லை. கூடலூர் என்னும் பெயரில் தமிழகத்தில் பல ஊர்கள் உள. நம் கூடலூரார் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடினால் நான் மறுக்கப் போவதில்லை.

அரபு வானியலாரும் இவ்வாறே பார்த்தவர்கள். அப்துர் ரகுமான் அல்-சூஃபி ஏறத்தாழ 964-இல் எழுதிய விண்மீன் நூலில் ஆந்திரமேடைப் பெருந்திரளைச் சிறு மேகமெனக் குறித்துள்ளார். நாம் உரோகிணி என்பதை அவர்கள் அல்தபரான், அதாவது பின்தொடர்வது, என்றனர். கார்த்திகை மீன்களைத் தொடர்ந்து எழுவதால் அப்பெயர். நம் அகத்தியமே அவர்களின் சுஹைல்.

நூல் கல்லாத என் தந்தையாருக்கும் இக்கலை தெரியும். பெரியாற்று நீர் பாயும் வயலில் இரவு முறை வரும்போது, கைக்கடிகாரம் இல்லாத அந்நாளில், ஆறுமீனைப் பார்த்தே மடை மாற்றுவார். கார்த்திகை மாதத்தில் ஆறுமீன் உச்சிக்கு வந்தால் நடுச்சாமம் நெருங்கிவிட்டது. மேற்கு மலையில் அடைந்தால் விடியப் போகிறது. இதில் அவர் ஒருநாளும் பிசகியதில்லை என்று அண்டை வயற்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அவருக்குக் கண்ணழுத்த நோய். பார்வையின் ஓரங்கள் போய்விட்டன. மங்கிய மீன் எதுவும் தெரிவதில்லை. இழந்த பார்வை மீளாது, இருப்பதைக் காக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

விண்மீன்கள் வட்டக்கோடுகளாய்ச் சுழலும் படம் ஒன்றைப் பெரிதாக்கி அவரிடம் காட்டினேன். துருவமீன் கொடைக்கானல் மலைக்கு மேலே பத்துப் பாகை உயரத்தில் அசையாதிருக்க, மற்றவை சுற்றிவந்த படம் அது. பார்த்தவரெல்லாம் பாராட்டியது. அவர் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கோடாயிருக்குதேப்பா. மீன் எங்கே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு மேற்கு மலைக்கு மேல் ஆறுமீன் நிற்கும் மற்றொரு படத்தைத் தந்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"எந்த மாசம் எடுத்தது?"

"பங்குனி, அத்தா."

"அப்படின்னா முதற்சாமம் முடியலை. ஒன்பது அடிச்சிருக்காது."

கருவியின் பதிவைப் பார்த்தேன். எட்டு மணி நாற்பது நிமிடம்.

அன்று முதல் நான் எடுக்கும் முறை மாறிவிட்டது. அழகுக்காக ஒரு படம் எடுத்தால், அவர் மணி சொல்வதற்காக ஒன்று எடுக்கிறேன். அடிவானமும் மலைமுகடும் படத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மீன் மட்டும் இருந்தால் அவரால் அளக்க முடிவதில்லை. கீழக்கரைக் கடற்படங்கள் இவ்வகையில் அவருக்குப் பயன்படவில்லை. "மலையில்லாமல் எதை வைத்துப் பார்க்கிறது?" என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதே.

ஆனால் இந்தப் படங்களுக்கும் இடம் சுருங்கி வருகிறது. முன்பு தெருவில் இருந்த மஞ்சள் சோடிய விளக்குகளை மாற்றி, எங்கள் பகுதியில் வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் பொருத்தியுள்ளனர். அவற்றின் ஒளியில் நீலம் மிகுதி. நீலம் காற்றில் மிகுதியாகச் சிதறும். விளக்கின் தலையில் மூடியும் இல்லாமையால் பாதி ஒளி வானுக்கே போகிறது. தெருவிளக்கு வேண்டாம் என்பவன் அல்லன் நான். பெண்களும் முதியோரும் அச்சமின்றி நடக்க அது வேண்டும். தரையை நோக்கி ஒளி விழுமாறு ஒரு தகடு பொருத்தினால் தெருவும் வெளிச்சமாகும், வானமும் இருளும். லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டு, அங்குள்ள ஊரார் இவ்வாறே விளக்குகளைக் கட்டுப்படுத்தி வாழ்கின்றனர். வானம் பார்க்க வருவோரால் வருவாயும் பெறுகின்றனர். 1899-இல் நிறுவப்பட்டுக் கதிரவனை ஆராய்ந்துவரும் கொடைக்கானல் நோக்ககத்தை வடக்கே வைத்துக்கொண்டு, நாம் ஏன் அது பற்றிச் சிந்திக்கலாகாது?

தகடு வேண்டி நாங்கள் சிலர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தந்தையாரும் அதில் கையொப்பமிட்டார். வரும் கார்த்திகையில் அமாவாசையை ஒட்டிய இரவு ஒன்றில் பழைய வயலிலேயே முக்காலியை நிறுத்துவதாக இருக்கிறேன். மடை இருந்த இடத்தை அவரே வந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.