புட்டு கேட்டால் இடியாப்பம்

மலேசியாவில் முர்தபா கேட்டால் முட்டையும் கறியும் பொதிந்த ரொட்டி வரும். இந்தோனேசியாவில் 'மர்தபாக் மானிஸ்' கேட்டுப் பாருங்கள், வேர்க்கடலையும் சாக்லேட்டும் தூவி மடித்த தடித்த இனிப்பு வரும். அதன் மலேசியச் சொந்தக்காரருக்குப் பெயர் 'அப்பம் பாலிக்'. நம்ம அப்பமேதான்!

சாப்பாட்டுப் பெயர்கள் மட்டுமல்ல, மற்றச் சொற்களும் இப்படித்தான். மலேசியக் கடையில் 'பெர்ச்சூமா' என்றால் இலவசம். இந்தோனேசியர் காதில் அது 'வீண்' என்று விழும். ஒன்று வாங்கினால் ஒன்று வீண்! நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

இந்தக் குழப்பங்களில் எனக்கு உயிர் புட்டு விஷயம்தான். மலேசியாவில் 'புத்து மாயம்' என்பது இடியாப்பம். தேங்காய்ப்பூவும் வெல்லமும் சேர்த்துத் தருவார்கள். ஜாவாவின் 'புத்து பம்பு'தான் நம் குழாய்ப்புட்டுக்குப் பக்கத்தில் வருகிறது: மூங்கில் குழலில் வேகும் பச்சை நிற அரிசிமாவு, நடுவில் உருகிய வெல்லம். ஆவி விசிலடிக்கும். தெருவில் அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஓடி வருவார்கள்.