கோணேசர் மலையடியில் ஒரு மீட்புப் பயிற்சி

வாடைக் காற்று வீசும் மாதங்களில் கலங்கிக் கிடக்கும் திருகோணமலைக் கடல், சித்திரை கழிந்த பிறகுதான் தெளியும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள சுழியோடும் நிலையங்கள் அப்போதுதான் களைகட்டும். வருகிறவர்களில் அநேகமானோருக்குப் புறாமலையின் பவளப்பாறையும் மீன்களும் போதும். நான் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறியது மீட்புப் பயிற்சிக்காக. சிலிண்டர் கட்டி இறங்கத் தெரிந்தவர்களுக்கான அடுத்த படி அது. கூட வந்தவர் தண்ணீருக்குள் பதறினால், மயங்கினால், காணாமற்போனால் என்ன செய்வது என்பதே பாடம்.

பயிற்றுநர் மூதூர்க்காரர். காலை முழுவதும் எங்களைக் கடலுக்கு விடவில்லை. மணலில் உட்கார வைத்து ஒருவர் மற்றவரைக் கேள்வி கேட்கச் சொன்னார். இரவு நித்திரை கொண்டீர்களா, சளி இருக்கிறதா, இன்றைக்கு இறங்க மனமிருக்கிறதா? “விபத்து தண்ணிக்குள்ள தொடங்கிறேல்லை அண்ணை, கரையிலயே தொடங்கிடும்” என்றார். ‘இன்றைக்கு நான் வரவில்லை’ என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். வெட்கத்துக்காக இறங்குகிறவர்தான் பிறகு பதறுகிறவர்.

பதறுகிறவரிடம் நெருங்கும் விதம் நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. முன்னால் போய்க் கை கொடுக்கவே கூடாது. அவர் உங்களை ஏணியாக்கித் தலையில் ஏறிவிடுவார். பின்பக்கமாக வந்து சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து, அவருடைய மேலங்கிக்குக் காற்றடித்து மிதக்க விட வேண்டும். அதற்குள் பிடித்துக்கொண்டால்? கீழே போக வேண்டும். மேலே மூச்சைத் தேடுகிறவர் கீழே போகிறவரை விட்டுவிடுவார். சொல்லக் கேட்கையில் எளிதுதான். ஆறடிக்கு வளர்ந்த ஜேர்மன்காரர் ஒருவர் நடிக்கிறேன் என்று என் தோளில் ஏறியபோது, கீழே போவதற்கு மனதைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் படகு கோணேசர் கோவில் நிற்கும் மலையின் அடிக்குப் போனது. செங்குத்தான பாறை தண்ணீருக்கு மேலே நிற்பதுபோலவே உள்ளேயும் இறங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்த கோவிலின் தூண் துண்டுகள் அடியில் கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இங்கே சுழியோடி எடுத்த சிதைவுகளைப் பற்றி உலகத்துக்குச் சொன்னார்கள். வில்சன் கண்டெடுத்த லிங்கம் மேலே கோவிலில் இருக்கிறது. நாங்கள் தேடியதோ பயிற்றுநரின் ‘காணாமற்போன’ உதவியாளரை. கயிற்றின் ஒரு முனையை ஓரிடத்தில் நிறுத்தி, சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனோம். அவர் ஒரு கல்லுக்குப் பின்னால் சாவகாசமாகக் கிடந்தார்.

கண்டுபிடித்ததும் அள்ளிக்கொண்டு மேலே பாயத்தான் கை துடிக்கும். 10 மீற்றர் ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். அதைவிட மெதுவான எதிரி நைதரசன். ஆழத்தில் உடம்பில் கரைந்தது, அவசரமாக ஏறினால் குமிழிகளாக வெளிவந்து மூட்டிலும் முள்ளந்தண்டிலும் சிக்கிக்கொள்ளும். பிரித்தானியக் கடற்படைக்காக ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து 1908இல் வெளியிட்ட அட்டவணைகளிலிருந்துதான் இதற்கான கணக்கு தொடங்குகிறது. அந்தக் கடற்படை 1957 வரை இதே துறைமுகத்தில்தான் இருந்தது. இன்று சொல்லித்தருவது, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாதே, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நில் என்பது.

எங்களோடு வந்த சுவிஸ் பெண் ஒருவர் பனிச்சறுக்கு ஆள். பனிச்சரிவுப் பயிற்சியும் இதே மாதிரித்தான் என்றார். ஒவ்வொருவர் மார்பிலும் சமிக்ஞைக் கருவி, முதுகுப் பையில் நீளக் கோலும் மண்வெட்டியும். ஒருவர் புதைந்தால் மற்ற எல்லோரும் கருவியைத் தேடலுக்கு மாற்றி, கோலால் குத்திப் பார்த்து, தோண்ட வேண்டும். கால் மணி நேரம் கடந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கடகடவென்று இறங்கிவிடும். ஹெலிகொப்டர் அதற்குள் வராது. 2016 பெப்ரவரி 3இல் சியாச்சின் பனியாற்றில் இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்கள் பனிக்குள் புதைந்தார்கள், நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தப் பத்துப் பேரில் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் 11ஆம் திகதி இறந்துபோனார். அப்படி ஆறு நாள் தாங்குவது அதிசயம். பயிற்சி அதிசயத்தை நம்பி நடத்தப்படுவதில்லை.

படகோட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடல் அட்டை பிடிக்கப் போன காலத்தில் ஒரு நாளில் சிலிண்டருக்கு மேல் சிலிண்டராக மாற்றி இறங்கியவர் அவர். இடது கால் இன்னும் சரியாகக் கேட்பதில்லை என்றார். “எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?” எங்கள் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. கட்டணமோ அவருடைய பல நாள் உழைப்பு. உல்லாசத்துக்கு இறங்குகிற நாங்கள் 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கப் பழகுகிறோம். சோற்றுக்காக இறங்குகிறவர் நேரே மேலே வருகிறார். இப்படிப் பாதிக்கப்பட்ட மீனவர்களுக்குத் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் அழுத்த அறையில் சிகிச்சை கிடைத்திருக்கிறது, நல்லது. ஆனால் அது கால் மரத்த பிறகு போகிற இடம்.

கடற்றொழில் திணைக்களமும் மீனவர் சங்கங்களும் சுழியோடும் நிலையங்களோடு பேசி, வாடைக் காலத்தில் சும்மா கிடக்கும் அந்தக் கொட்டகைகளில் சங்குக்கும் அட்டைக்கும் இறங்குகிறவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் இதே பாடத்தை இலவசமாக நடத்த வேண்டும். பயிற்றுநர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள்.