ஒரு செங்கல்லின் ஆயுட்கணக்கு

சரோஜினி நகர் விநாயகர் கோயிலுக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் பழைய அரசாங்கக் குடியிருப்புகளின் பக்கமாக ஒருமுறை நடந்துவருவது நமது வழக்கம். 2016-ம் ஆண்டில் தில்லியின் ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அவற்றுள் இதுவும் ஒன்று. நம்மவர் எத்தனையோ குடும்பங்கள் மார்கழிக் கோலமிட்ட வாசல்கள் அவை. இடிந்து கிடந்த ஒரு வரிசையிலிருந்து செங்கல் ஒன்றைக் கையில் எடுத்தோம். உடையாத கல், ஏறக்குறைய மூன்று கிலோ கனம். இது எங்கே பிறந்தது, இனி எங்கே போகும் என்ற கேள்வி அன்று மனத்தில் எழுந்தது.

ஒரு பொருள் மண்ணிலிருந்து எடுக்கப்படுவது முதல் குப்பையாகக் கொட்டப்படுவது வரை உலகுக்கு என்ன செலவு வைக்கிறது என்று கணக்கிடும் முறையொன்றை விஞ்ஞானிகள் கையாளுகின்றனர். நாம் விஞ்ஞானி அல்லோம். ஆயினும் அந்தக் கணக்கைக் கண்ணாலேயே கண்டுவருவோம் எனத் துணிந்து, பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், நண்பர் ஒருவருடன் ஹரியானாவின் ஜஜ்ஜர் பக்கம் புறப்பட்டோம்.

கோதுமை முற்றிய வயல்களுக்கு நடுவே உயர்ந்த புகைபோக்கிகள் தென்படலாயின. சூளையை அடுத்த நிலம் இடுப்பளவு ஆழத்துக்குப் பள்ளமாயிருந்தது. பயிரை வளர்க்கும் மேல்மண்தான் கல்லாகிறது. கணக்கின் முதல் வரி இதுவே.

பள்ளத்தில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து மண் பிசைந்து அச்சிலிட்டுப் பச்சைக்கல் அறுத்துக்கொண்டிருந்தனர். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் பெற்று ஐப்பசி கார்த்திகையில் வருபவர்கள், மழைக்கு முன் ஊர் திரும்புவர். பீகாரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் நம்மை எந்த ஊர் என விசாரித்தார். சொன்னோம்.

“உங்கள் ஊரில் கல் அறுப்பவர் யார்?” என்றார்.

திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர்ப் பகுதியிலிருந்து குடும்பங்கள் வருகின்றன என்றோம்.

“அங்கேயும் பிள்ளைகள் கூடவே வந்துவிடுமா? பள்ளிக்கூடம் உண்டா?” என்று கேட்டார். அவருடைய பேத்தி வெயிலில் பச்சைக்கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு, நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு பெரிய பேறு என்பது அப்போதுதான் உறைத்தது.

சூளையின் மேல் ஏறினோம். 1876-ல் புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த முறையின் வழிவந்தது இது. நீள்வட்ட அகழியில் கற்கள் அடுக்கப்பட்டு அசையாமல் இருக்க, நெருப்புதான் அவற்றினூடே நாள்தோறும் நகர்ந்து சுற்றி வருகிறது. மேலே சாம்பல் பரப்பு. அதன் சூடு தாங்காமல் தீயிடுவோர் மரப் பாதுகைகள் அணிந்திருந்தனர். சிறு மூடியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஆயிரம் டிகிரியை ஒட்டிய செந்தழல்!

கணக்கின் பெரும்பகுதி இந்தத் தீயிலேதான் இருக்கிறது. பழைய முறையில் ஒரு லட்சம் கல் வேக ஏறக்குறைய 15 முதல் 20 டன் நிலக்கரி வேண்டும். அதாவது நம் கையிலிருந்த ஒற்றைக் கல் 150 முதல் 200 கிராம் கரியைத் தின்றிருக்கிறது. அதனினும் மிகுதியான எடையுள்ள கரிவாயுவைக் காற்றில் விட்டிருக்கிறது. புகையும் நுண்தூளும் தனி.

நாம் கண்ட சூளை மாற்றியமைக்கப்பட்டது. கற்களை வளைந்து வளைந்து அடுக்கியிருந்தனர். காற்று நேரே ஓடாமல் கோணல் வழியில் சுழன்று செல்வதால் கரி நன்றாக எரிகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகிறது. கரும்புகையும் பெரிதும் குறைகிறது. சூளைகள் யாவும் இம்முறைக்கோ இதனினும் தூய முறைக்கோ மாறவேண்டும் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி வகுத்தது.

சாம்பல் கல் வாங்கினால் தோஷம் தீர்ந்ததா என்று நண்பர் கேட்டார். அனல் மின்நிலையச் சாம்பலில் செய்யும் அந்தக் கல்லுக்குச் சூளையும் வேண்டாம், வயல் மண்ணும் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அதை இறுக்கச் சிமெண்டோ சுண்ணாம்போ தேவை; அவையும் வேறோர் உலையில் வெந்தவையே. செலவில்லாத கல் எதுவும் இல்லை.

பின்னொரு நாள் வட தில்லியின் புராரிக்குப் போனோம். இடிபாடுகளை அரைத்து நடைபாதைக் கற்களும் சாலையோரக் கற்களும் செய்யும் ஆலை 2009-ல் அங்கே தொடங்கப்பட்டது. நம் நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. அங்கு சேராத இடிபாடு ஓடையையும் யமுனைக் கரையையும் தூர்க்கிறது. அரைத்த கல் மறுபிறவி எடுக்கிறது. ஆயினும் அரைக்காமலே மீண்டும் சுவரில் ஏறும் கல்லே மேலானது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழஞ்சுவர்களின் கற்கள் எளிதில் பிரிந்து முழுதாய் வரும். சிமெண்டில் கட்டியவையோ பெரும்பாலும் உடைந்தே வருகின்றன.

செங்கல்லின் ஆயுள் சிறியதன்று. ஹரப்பாவின் கற்களை 1850-களில் லாகூர் முல்தான் இருப்புப்பாதைக்கு அடியில் கொட்டினார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல் ரயிலின் கனத்தையும் தாங்கிற்று! நூறு ஆண்டு நிற்கும் சுவருக்கு அந்தக் கரியையும் மண்ணையும் செலவிட்டது தகும். முப்பது ஆண்டில் இடிப்பதற்கென்றால் தகுமா?

நம்மவர் பலர் புறநகரில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான். கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். நல்ல பழங்கல் கிடைத்தால் இளக்காரமாக எண்ணாதீர்கள். வேண்டியதற்கு மேல் ஓர் அறையும் கட்டாதீர்கள். இடிபாட்டை ஆற்றங்கரைக்கு அனுப்பாதீர்கள்.

சரோஜினி நகரின் கல் இப்போது நம் வீட்டு மாடத்தில், துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஜஜ்ஜரில் கண்ட அந்தச் சிறுமியின் நினைவு வருகிறது.