கல்லில் வாய், தோலில் முதுகு

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராட்டியர் கால அரண்கள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்துக் கொடுத்த தகுதி. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். செய்தி வந்த வாரம் சென்னையிலிருந்து நண்பன் போன் செய்தான். கோட்டையைப் பற்றித்தான் பேசப்போகிறான் என்று நினைத்தேன். "செஞ்சியில எங்க மாமனார் வழக்கமா போற சலூன் ஒண்ணு இருக்கு. அந்தப் பெரியவர்கிட்ட ஜெர்மன் சவரக்கத்தி ஒண்ணு கிடக்குதாம். 500 ரூபாய் வரைக்கும் கொடுக்கலாம். உனக்கும் எழுத விஷயம் கிடைக்கும், போய்ட்டு வாயேன்" என்றான்.

நண்பனுக்குச் சவரம் ஒரு பித்து. அவன் வீட்டுக் குளியலறையில் பித்தளை ரேசர், பேட்ஜர் முடியில் செய்த பிரஷ், மரக்கிண்ணத்தில் இங்கிலாந்து சோப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். அந்தப் பிரஷ் விலைக்கு நான் இரண்டு வருஷம் சலூனுக்குப் போய்விடலாம். பிளாஸ்டிக் ரேசரும் நுரை டப்பாவும் வந்து ஒரு கலையையே கொன்றுவிட்டன என்பது அவன் கட்சி. எனக்கும் ஒரு ரேசர் பரிசளித்திருந்தான். முதல் நாளே தாடைக்குக் கீழே மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டு, காகிதத் துணுக்கு ஒட்டிய முகத்தோடு வேலைக்குப் போனேன்.

பெரியவர் என்னைச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். சலூன்களுக்கு அன்றுதான் விடுமுறை. "மத்த நாள்ல பேச நேரம் ஏது சார்?" திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் பிடித்துச் செஞ்சியில் இறங்கினேன். கடைத்தெருவை ஒட்டிய சந்தில், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் கடை. இரண்டு சுழல் நாற்காலிகள், எதிரெதிரே கண்ணாடிகள். வாசல் வழியாகத் தெரிந்த கோட்டைக் குன்று கண்ணாடிக்குள் இடம் வலம் மாறி நின்றது. பெரியவருக்கு எழுபது நெருங்குகிறது. "பேரு கீரு வேணாம் சார். சலூன்காருன்னு போடுங்க, போதும்."

பரணிலிருந்து ஒரு தோல்பையை இறக்கினார். "எங்கப்பாவோட அடப்பம்." அகராதியில் அடைப்பம் என்று இருக்கும் சொல், வெற்றிலைப் பைக்கும் அதே பெயர்தான், நாவிதர் பைக்கும் அதே பெயர்தான். உள்ளே பித்தளைக் கிண்ணி, நகம் எடுக்கும் சின்ன உளி, ஓரம் உடைந்த கைக்கண்ணாடி, படிகாரக் கட்டி, கறுப்புச் சாணைக்கல். அடியில், பழந்துணியில் சுற்றிய கத்தி.

விரித்துக் காட்டினார். கொம்புப் பிடியில் விரிசல். எஃகில் 'சோலிங்கன்' என்ற ஊர்ப்பெயர் பாதி தேய்ந்திருந்தது. முதுகு தடித்து, வயிறு ஒட்டிய கத்தி. கல்லில் தேய்ந்து தேய்ந்து அகலம் பாதியாகிவிட்டதாம். தீட்டிக் காட்டச் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை மூஞ்சியைத் தொட மாட்டேன். கல்லைத் தொடலாம்" என்று சிரித்தார்.

கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியைப் படுக்கவைத்தார். முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் பதிய வேண்டும். முதுகைத் தூக்கினால் வாய் போய்விடும். வாய்ப்பக்கம் முன்னால் போகிற மாதிரி, கல்லின் மேல்தோலைச் சீவுகிறவர்போலத் தள்ளினார். பிறகு தோல்வார். ஒரு முனையை நாற்காலிக் கையில் மாட்டி மறுமுனையை இடக்கையால் இறுக்கினார். இப்போது கத்தி முதுகை முன்னால் விட்டுக்கொண்டு ஓடியது, வாய் பின்னால் வந்தது. வாரின் கோடி வந்ததும் முதுகின் மேலேயே புரண்டு திரும்பியது. சப், சப் என்று ஒரே தாளம். "கல்லுல வாய் முன்னால போவணும், தோல்ல முதுகு முன்னால போவணும். மாத்திப் பண்ணா வாரு கிழிஞ்சிடும். அப்பாகிட்ட அடியும் விழும்." தன் முன்கையில் தண்ணீர் தொட்டுத் தடவி ஓர் இழுப்பு இழுத்தார். விரல் அகலத்துக்கு நரைமுடி காணாமல் போனது.

"ஒருதரம் தீட்டினா எத்தனை பேருக்கு வரும்?"

"ஆளைப் பொறுத்தது. சில பேரு தாடி கத்தியைத் தின்னுடும்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தேடினால், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதையே நுண்ணோக்கியில் பார்த்து 2020இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார்கள். முடியைவிட பிளேடின் எஃகு 50 மடங்கு கடினம். ஆனாலும் வெட்டுப்படும்போது வளைந்துகொடுக்கும் முடி, எஃகின் விளிம்பில் இளைத்த இடமாகப் பார்த்துச் சில்லு பெயர்த்துவிடுகிறது. தாடி தின்னத்தான் செய்கிறது.

முடி வெட்டுவதைப் பற்றியும், கத்திரி பிடிப்பது, சீப்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்றெல்லாம், அரை மணி நேரம் சொன்னார். அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. என் தலையில் வெட்ட அதிகம் மிச்சமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

அப்பா காலத்தில் கடை கிடையாது. அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பொழுது விடியும்முன் கிளம்புவார். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இருவரும் குத்துக்காலிட்டு எதிரெதிரே உட்கார, வேலை நடக்கும். சோப்பு ஏது? கிண்ணித் தண்ணீரை விரலில் தொட்டுத் தாடையை நீவிக்கொண்டே இருப்பாராம். "தண்ணி தொட்டு நீவறதுதான் சார் பாதி சவரம்." முடி தண்ணீரைக் குடித்தால் இளகும், நண்பன் வெந்நீர்த் துண்டும் நுரையும் வைத்துச் செய்வதும் அதையேதான். கூலி அறுப்பு முடிந்து களத்தில் மேரையாக வரும். வருஷம் முழுக்கச் செய்த சவரத்துக்குச் சில மரக்கால் நெல். பத்து வயசுப் பையன்கூட அப்பாவை 'வாடா' என்று கூப்பிடுவான்.

"இன்னொண்ணும் எழுதிக்குங்க. சேரிக்காரங்க தலையை எங்கப்பா தொட்டதில்ல. தொட்டா ஊரு சேர்க்காது. ஊரு சொல்லிச்சு, நாங்க கேட்டுகினோம். எங்க தப்பும் இருக்குது அதுல." இவர் செஞ்சிக்கு வந்து கடை போட்டதும் எல்லாருக்கும் ஒரே நாற்காலி, ஒரே துணி என்று வைத்தார். சொந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார்களாம். "போவட்டும்னு உட்டுட்டேன்."

அதே கத்தியால் அப்பா கட்டி கீறுவார், காலில் ஏறிய முள் எடுப்பார். அம்மா மருத்துவச்சி, சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள் என்றார். தமிழ்நாடு அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இவர்கள் இனத்துக்கு மருத்துவர், நாவிதர், மங்களா என்று பல பெயர்கள் அடுக்கியிருக்கும். அவற்றில் ஒன்று பிராணோபகாரி. உயிருக்கு உபகாரம் செய்பவர் என்று பொருள். லண்டனில் 1540இல் நாவிதரையும் அறுவை செய்பவரையும் ஒரே சங்கமாகச் சேர்த்தார்கள். 1745இல் அறுவைக்காரர்கள் தனியாகப் பிரிந்து, மெல்ல மெல்ல சர்ஜன் என்ற கௌரவத்தில் ஏறிவிட்டார்கள். இங்கே வைத்தியம் கையைவிட்டுப் போனது, பெயர் மட்டும் சாதிச் சான்றிதழில் தங்கியது.

கத்தியை எப்போது கட்டிவைத்தீர்கள் என்று கேட்டேன். பதிலில் ஏக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அந்தப் பயம் அடுத்த பத்து ஆண்டுகளில் செஞ்சிச் சந்துக்கும் வந்தது. நாற்காலியில் உட்காரும்போதே "புது பிளேடு போடுங்க" என்றார்கள். பாதி பிளேடு மாட்டும் ஹோல்டர் வாங்கினார். "நல்லதுதான் சார். தினம் விடியக்காலை ஒரு மணி நேரம் கல்லு, தோலுன்னு கிடந்தது மிச்சம். கத்தியில என்னா இருக்குது? அதைப் பார்த்தாலே எனக்கு அந்த மாட்டுக்கொட்டகைதான் ஞாபகம் வருது."

நண்பன் துக்கம் கொண்டாடும் கலையை அதன் சொந்தக்காரர் தலைமுழுகிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். பிளேடு இவர்கள் பிழைப்பில் கை வைக்காமலும் இல்லை. கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்கத் தொடங்கியபோது முதல் வருஷம் போனது 51 ரேசர், 168 பிளேடு. முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கென்று போனது 35 லட்சம் ரேசர். ஆண்கள் வீட்டிலேயே மழித்துக்கொள்ளப் பழகினார்கள். நம் ஊர்களில் டோபாஸும் பனாமாவும் பெட்டிக்கடைக்கு வந்து, தினச்சவரம் சலூனை விட்டுப் போயிற்று. அதற்கெல்லாம் இவர் கோபப்படவில்லை.

கோபம் வந்தது எனக்கு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். இளவயதில் அமாவாசைக்கு அமாவாசை, ஊஞ்சல் உற்சவக் கூட்டத்துக்கு மொட்டையடிக்கப் போவாராம். விடிய விடியக் குனிந்து இடுப்பு நிமிராது. 2021இல்தான் அரசு கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் நீக்கி, அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. ஆனால் கீழே விழும் முடி? அது ஏலத்துக்குப் போகிறது. திருமலையில் முடியேலம் மட்டுமே வருஷத்துக்குப் பல கோடி. நீளம் பார்த்து, தரம் பிரித்து, கப்பலேறி, எங்கோ ஒரு தலையில் விக்காக உட்காருகிறது. வேண்டிக்கொண்டவளுக்குப் புண்ணியம், ஏலம் எடுத்தவனுக்கு லாபம், ஏற்றுமதி செய்தவனுக்கு அதைவிட லாபம். மழித்த கைக்கு முடியில் ஒரு இழைகூடச் சொந்தமில்லை. பெரியவரின் மகன் சென்னையில் ஏசி போட்ட சலூன் ஒன்றில் வேலை செய்கிறான். முதல் போட்டவர் கத்திரியைக் கையால் தொட்டிராதவர். கையில் தொழில் இருக்கிறவன் சம்பளக்காரன், பணம் இருக்கிறவன் தொழிலதிபர். ஊரடங்கு தளர்ந்த 2020 ஜூனில் சலூனுக்கு வருகிறவரின் ஆதார் எண்ணை எழுதிவைக்கச் சொன்னார்கள். முடி கொடுப்பவருக்கு அடையாள எண் கேட்ட நாட்டில், முடியை விற்பவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை! நடுவில் நிற்கிறவன் தின்று கொழுக்கத்தான் இந்த நாட்டில் எல்லாத் தொழிலும் நடக்கிறது என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன்.

"சார், அந்தக் கத்திக்கு உங்க பிரண்டு எவ்ளோ தருவாராம்?"

பேனா நின்றது. "500" என்றேன்.

பெரியவர் மறுபடி துணியைச் சுற்றினார். "போன வருஷம் பையன் போன்ல பார்த்துச் சொன்னான். இந்த மாதிரி பழசு நாலாயிரம், ஐயாயிரம் போவுதாம்."

குரலில் குத்தல் இல்லை, கறிகாய் விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். சட்டைப்பையில் அந்த 500 ரூபாய்த் தாள் மடித்து இருந்தது. எழுதிய இரண்டு பக்கத்துக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரற்கடைத் தூரம்கூட இல்லை.

"அவரு இதுல யாருக்குச் சவரம் பண்ணுவாரு?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லை. தனக்குத்தான்."

"தனக்கா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தனக்குப் பண்ணிக்கிறதுக்கு எதுக்கு சார் இவ்ளோ நல்ல கத்தி? அடுத்தவன் கழுத்துல வைக்கிறதுக்குத்தானே கத்தி நல்லாருக்கணும்?"

அன்றிரவு லாட்ஜில் தங்கி, புதன்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். நாற்காலியின் தலைதாங்கியை உயர்த்தி, கழுத்தைச் சாய்த்தார். சோப்பு போடும்முன் ஈரக்கையால் தாடையை நீவத் தொடங்கினார். நான் போதும் என்று நினைத்த பிறகும் நீவிக்கொண்டே இருந்தார். அப்பாவின் கை அது. பிரஷ் இரண்டு சுற்றுச் சுற்றியதும் கன்னத்தில் நுரை நின்றது. பிளேடை உறையோடு இரண்டு விரலில் பிடித்து நீளவாக்கில் மடித்தார். டிக் என்று உள்ளேயே இரண்டாக உடைந்தது. ஒரு பாதி ஹோல்டரில், மறுபாதி அடுத்த ஆளுக்கு. இடக்கைக் கட்டைவிரல் காதோரம் தோலை மேலே இழுக்க, வலக்கை கீழே இறங்கியது. தாடை திரும்பும் இடத்தில், நான் மூன்று முறை வெட்டிக்கொண்ட அதே இடத்தில், கத்தி வேகம் குறைந்து, சாய்வு மாறி, மறுபடி ஓடியது. கேட்டது சரசர என்ற சத்தம் மட்டும். கடைசியில் படிகாரம். எங்குமே எரியவில்லை.

நாற்காலியில் இருந்தபடியே நண்பனுக்குப் போன் போட்டு விலையைச் சொன்னேன். "பழைய இரும்புக்கா?" என்றான். கலையைப் பற்றி இந்த முறை ஒன்றும் பேசவில்லை. பெரியவருக்கு அது கேட்டிருக்கும். அரைப் பிளேடைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டுவிட்டு, என் கழுத்துத் துணியை உதறினார்.

"உடுங்க சார். கத்தி என்ன சோறா கேக்குது? பரண்லயே கிடக்கட்டும்." வாசலில் நின்றிருந்தவரைப் பார்த்து, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார்.