தபால் எந்த டிரைவில் இருக்கிறது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவியது. அதிலிருந்து தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்திலும் பழைய சிபியுக்கள் பரணிலிருந்தும் மேசைக்கடியிலிருந்தும் வெளியே வருகின்றன. சிலர் புதுசு வாங்குகிறார்கள். சிலர் பழசிலேயே சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். 120 ஜிபியில் விண்டோஸ் ஏறி, அப்டேட்டுகளும் ஏறினால், சி டிரைவில் சிவப்புக் கோடு வர அதிக நாள் ஆகாது. அப்போது என்னிடம் கேட்பார்கள்: "இந்த ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்டு எல்லாத்தையும் டி டிரைவுக்குத் தள்ளிரலாமா?"

தள்ளலாம். புரோகிராம் சில நூறு எம்பிதான், அது சி-யிலேயே கிடக்கட்டும். இடத்தை அடைப்பது புரொபைல் என்கிற ஃபோல்டர்.

*

புரொபைல் இருக்கும் இடத்தை விண்டோஸ் ஒளித்து வைத்திருக்கிறது. விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி, ஆப்டேட்டா என்பதை இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு அடித்தால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். உள்ளே மொஸில்லா, அதற்குள் ஃபயர்பாக்ஸ்; மொஸில்லாவுக்குப் பக்கத்தில் தண்டர்பேர்டு. ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்டு இரண்டிலும் புரொபைல்ஸ். அதற்குள் எட்டு எழுத்துக் குழப்பத்தோடு தொடங்கும் ஒரு பெயர்.

அதைத் திறந்து பார்க்கச் சொல்வேன். பிளேசஸ்.எஸ்க்யூலைட் என்ற ஃபைலில் புக்மார்க்கும், போன இடங்களின் வரலாறும். லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி இரண்டிலும் பாஸ்வேர்டு. ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால் இரண்டும் வீண். கேஷ் மட்டும் லோக்கல் என்ற வேறு ஃபோல்டரில் இருக்கும், அதைத் தூக்க வேண்டியதே இல்லை. கல்யாண ஆல்பத்தை மூன்று பென்டிரைவில் வைத்திருக்கும் வீட்டில்கூட இந்த ஃபோல்டருக்கு ஒரு நகல் இருந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் "நெட்ல இருக்கு" என்ற நினைப்பு.

*

மாற்றும் வழி. பிரவுசரை மூடு. டாஸ்க் மேனேஜரில் ஃபயர்பாக்ஸ் இன்னும் ஓடுகிறதா என்று பார். ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் எழுதி முடியாத பக்கம் டபிள்யுஏஎல் என்று முடியும் துணை ஃபைலில் தங்கிவிடும். புக்மார்க் பாதியில் நிற்கும். ஃபோல்டரை டி-க்கு காப்பி செய். கட் வேண்டாம். ஆடிக் காற்றில் இங்கே கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பாதி அங்கே பாதி இங்கே என்று கிடந்தால் யார் ஒட்டவைப்பது?

பிறகு ரன் பெட்டியில் ஃபயர்பாக்ஸ்.இஎக்ஸ்இ, ஒரு இடைவெளி, ஹைஃபன், பெரிய பி. புரொபைல் மேனேஜர் வரும். கிரியேட் கொடுத்து, சூஸ் ஃபோல்டரில் டி-யில் வைத்த ஃபோல்டரைக் காட்டினால் முடிந்தது. தண்டர்பேர்டுக்கும் இதேதான்.

இங்கே ஒரு கண்ணிவெடி. அதே பெட்டியில் பழைய புரொபைலை நீக்கும்போது டிலீட் ஃபைல்ஸ் என்று கேட்கும். அவசரத்தில் யாராவது புரொபைலுக்கு டி டிரைவையே மொத்தமாகக் காட்டியிருந்து, பிறகு அதை டிலீட் ஃபைல்ஸ் என்று நீக்கினால், டி-யில் இருக்கும் பேரன் போட்டோவும் சேர்ந்து போகும். புரொபைலுக்கு எப்போதும் தனி ஃபோல்டர்.

*

"மாத்தினேன், ஆனா காலியா தொறக்குது." இந்தப் புகார் 2019 மே மாதம் வந்த ஃபயர்பாக்ஸ் 67-க்குப் பிறகு அதிகம். அதிலிருந்து ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் தனி டிஃபால்ட் புரொபைல். புரொபைல்ஸ்.ஐஎன்ஐ-யில் பாதையைக் கையால் திருத்தியவர்கள், பக்கத்திலேயே இன்ஸ்டால்ஸ்.ஐஎன்ஐ என்று ஒன்று பழைய பாதையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதில்லை. கையால் திருத்துவதானால் இஸ்ரிலேடிவ் என்ற வரியில் 1-ஐ 0 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் டி டிரைவின் பாதையை சி-க்குள்ளேயே தேடும். அபவுட் என்று அடித்து, கோலன் போட்டு, புரொபைல்ஸ் என்று சேர்த்தால் எந்த ஃபோல்டரில் ஓடுகிறது என்று அதுவே சொல்லும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

*

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். என் பள்ளிக்கூடத்து சார். மகன் துபாயில். 2003-லிருந்து வந்த மெயில் அத்தனையும் வைத்திருக்கிறார். முதலில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ், பிறகு தண்டர்பேர்டு. புது கம்ப்யூட்டருக்கு யாரோ புரொபைலைக் காப்பி செய்து கொடுத்திருக்கிறார்கள். கணக்கு இரண்டும் தெரிகிறது. ஜிமெயிலில் எல்லாம் இருக்கிறது. பழைய கணக்கு மட்டும் துடைத்து வைத்ததுபோல் காலி.

"எங்கல போச்சு என் லெட்டரெல்லாம்?"

"போகல சார். வேற எடத்துல கெடக்கு. பழைய ஹார்டு டிஸ்க்க யார்ட்டயும் குடுத்துட்டியளா?"

"அதப் போட்டுட்டு முன்னூறு ரூவா கழிச்சிக்கிடுதேன்னான். நான் குடுக்கல."

நல்லவேளை. ஜிமெயில் ஐமேப், அது சர்வரிலிருந்து தானே மறுபடி இறங்கிக்கொள்ளும். பழைய கணக்கு பாப். பாப் கணக்கில் தபால் வீட்டுக்கு வந்ததும் அங்கே அழிந்துவிடும், நகலை விட்டுவை என்று டிக் செய்யாதவரை. 2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 ஜிபி தருகிறேன் என்று வரும்வரை சர்வரில் அவ்வளவாக இடம் இருந்ததில்லை. இறக்குவதைத் தவிர வழியில்லை. ஆக அவர் மகனின் கடிதங்களுக்கு உலகத்தில் ஒரே பிரதி, அந்த ஹார்டு டிஸ்க்.

அக்கவுன்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ், அடியில் லோக்கல் டைரக்டரி. அதில் பாதை டி டிரைவில் மெயில் என்ற ஃபோல்டரைக் காட்டியது. என்றைக்கோ ஒரு மெக்கானிக் விண்டோஸ் போடும்போது, பத்திரமாக இருக்கட்டும் என்று தபாலைப் புரொபைலுக்கு வெளியே வைத்திருக்கிறார். நல்லெண்ணம்தான். அதனால்தான் புரொபைல் வந்தும் தபால் வரவில்லை.

பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேபிளில் மாட்டித் தேடினேன். இன்பாக்ஸ் என்று ஒரு ஃபைல், பெயருக்குப் பின்னால் புள்ளியும் இல்லை, எதுவும் இல்லை. மொத்தக் கடிதமும் அந்த ஒரே ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும், நோட்பேடில்கூடப் படிக்கலாம். பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் குட்டி ஃபைல், அது வெறும் அட்டவணை. பெரியதைப் புது புரொபைலின் மெயில் ஃபோல்டருக்குள் வைத்தேன். அட்டவணையை எடுத்து வரவில்லை. லோக்கல் டைரக்டரியை அங்கே திருப்பி, மூடித் திறந்தேன். தண்டர்பேர்டு தானே புது அட்டவணை போட்டுக்கொண்டது. சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேதிப்படி மேலே போய்க்கொண்டே இருந்தார். மகனின் முதல் கடிதம் ஆங்கில எழுத்தில் தமிழ். "ஸ்பெல்லிங் தப்பு" என்றார்.

*

சாருடைய கோலாலம்பூர் நண்பர் எழுதியவை தனிச் சிக்கல். அவை டிஸ்கியில். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே பேசி முடிவுசெய்த குறியேற்றம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு டாப், டாம் என்று வேறு இரண்டைக் கொண்டுவந்தது. ஆக மகனின் ஆங்கில எழுத்து, நண்பரின் டிஸ்கி, பிறகு வந்த யூனிகோடு என்று ஒரே இன்பாக்ஸில் மூன்று காலம்.

இப்போதைய தண்டர்பேர்டில் அந்தக் கடிதங்கள் கொம்பும் கொக்கியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, நகர்த்தியதாலும் வரவில்லை. பழைய கம்ப்யூட்டரில் டிஸ்கி ஃபான்ட் இருந்தது, இதில் இல்லை. என்எச்எம் கன்வர்ட்டரிலோ பொங்குதமிழிலோ ஒட்டி யூனிகோடாக்கலாம். டிஸ்கியில் "கெ" என்பதில் கொம்பு முன்னால், ககரம் பின்னால். யூனிகோடில் ககரம் முதலில். எழுத்தை மட்டும் மாற்றி வரிசையை மாற்றாத கருவியில் போட்டால் கொம்புகள் எல்லாம் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும். சார் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறார். பொழுது போகிறது என்கிறார்.

*

ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பூத்தால் ஊருக்குள் கார் நுழைய முடியாது. ரோஜா (1992) படத்து நாயகிக்கு இதுதான் சொந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் உண்டு. அந்தக் கூட்டத்தை நம்பி இருக்கும் ஸ்டுடியோக்காரர் தன் புரொபைலை வெளி டிஸ்க்கில், இ டிரைவில் வைத்திருக்கிறார். சீசனில் மட்டும் பிரவுசர் "புரொபைலைக் காணோம்" என்று அழும். காரணம் கார்டு ரீடர். வாடிக்கையாளர் கார்டை முதலில் செருகினால் அது இ-யைப் பிடித்துக்கொள்ளும், டிஸ்க் எஃப் ஆகிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் டிஸ்க்குக்கு பி என்று தூரத்து எழுத்தைக் கொடுத்தேன். "பி எதுக்கு அண்ணாச்சி?" என்றார். பூ என்றேன்.

*

மத்தளம்பாறை பக்கத்தில்தான். ஜோஹோ அங்கே அலுவலகம் நடத்துவதால் தென்காசிப் பையன்கள் மெயில் சர்வர் பற்றி டீக்கடையில் பேசுகிறார்கள். மத்திய அரசு ஊழியர்களின் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில் கணக்குகள் ஜோஹோ தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது, ஜிஓவி.இன், என்ஐசி.இன் விலாசங்களில் மாற்றமில்லை. சார் வீட்டில் நடந்ததுதான், அளவு பெரிது.

ஜோஹோவின் உலா பிரவுசர் 2023-இல் வந்தது. குரோமியம் வகை. இந்த வகையில் விண்டோஸில் பாஸ்வேர்டின் பூட்டு அந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸ் பயனர் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். அதே கம்ப்யூட்டரில் டிரைவ் மாற்றினால் பிரச்சினை இல்லை. ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டருக்குத் தூக்கினால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. முன்கூட்டியே எக்ஸ்போர்ட் செய்துகொள்ள வேண்டும். ஃபயர்பாக்ஸில் அந்தக் கட்டு இல்லை; வசதி, கூடவே ஆபத்தும். ஃபோல்டரை எடுத்தவனுக்குப் பாஸ்வேர்டும் கிடைக்கும். பிரைமரி பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளுங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை.

*

சில்லறை.

பென்டிரைவ் எஃப்ஏடி32 ஆக இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய இன்பாக்ஸ் ஏறாது. முதலில் தண்டர்பேர்டில் காம்பேக்ட் கொடு. அழித்த மெயிலெல்லாம் அதுவரை ஃபைலுக்குள்ளேயேதான் கிடக்கும்.

ஆன்டிவைரஸ் ஒரு கெட்ட இணைப்பைப் பார்த்து மொத்த இன்பாக்ஸையும் சிறைவைத்த வீடுகள் உண்டு. புரொபைல் ஃபோல்டருக்கு விலக்கு கொடு.

ஒன்டிரைவுக்குள் புரொபைலை வைக்காதே. இரண்டு பேர் ஒரே ஃபைலில் எழுதுவார்கள்.

புது ஃபயர்பாக்ஸில் ஓடிய புரொபைலை, விண்டோஸ் 7-இல் நின்றுபோன 115-இல் திறக்க முயன்றால் பழைய பதிப்பு என்று மறுத்துவிடும். அரசு கொடுத்த பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அவர்களுக்குப் புக்மார்க்கை எச்டிஎம்எல்-ஆகவும் பாஸ்வேர்டை சிஎஸ்வி-யாகவும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அந்த சிஎஸ்வி-யை வேலை முடிந்ததும் அழித்துவிடு என்று இரண்டு தடவை சொல்வேன்.