பொறு மக்களே!

என் இளமைப் பருவம் குமரி மாவட்டத்தில் கழிந்தது. மரச்சீனிக் கிழங்கே எங்கள் இரவு உணவு. அன்னையார் அதைத் தோலுரித்து, நறுக்கி, மூடாத பானையில் வேகவைத்து, நீரை முற்றும் வடித்த பின்னரே பரிமாறுவார்கள். ஒருநாள் பசி பொறாமல் அவசரப்படுத்தினேன். “பொறு மக்களே, தோலைத் தின்ற ஆடு என்ன ஆச்சு?” என்றார்கள். வாயடைத்துப் போனேன்.

ஆட்டைக் கொன்றது சயனைடு நஞ்சு என்பதைப் பின்னாளில் அறிந்தேன். நாங்கள் உண்டது நஞ்சு குறைந்த இனம். வேகவைத்து வடித்தால் போதும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் விளைவதோ கசப்பினம். விலங்கும் கள்வரும் தீண்டார் என்பதால் உழவர் அதை விரும்புகின்றனர். பல நாள் ஊறவைத்தோ வெயிலில் உலர்த்தியோ மாவாக்குவர்.

1981ஆம் ஆண்டு மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாநிலத்தில் மழை பொய்த்தது. 1,100க்கும் மேற்பட்டோரின் கால்கள் திடீரென விறைத்து முடங்கின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கொன்சோ எனப்படும் இந்நோயில் முடங்கிய கால்கள் குணமாவதில்லை. அப்பெண்கள் பக்குவம் அறியாதவர்கள் அல்லர். வறட்சியில் கிழங்கின் நஞ்சு மிகுந்தது. வேறு உணவின்றி உலர்த்தும் நாட்கள் குறைந்தன. பசிக்குப் பொறுமை ஏது?

மாவின் நஞ்சைக் கண்ணால் அளக்க இயலாது. ஆய்வுக்கூடமோ எட்டாத் தொலைவில். ஆகவே 1990களில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி குழுவினர், மின்சாரமின்றிக் குடிசையிலேயே செய்யத்தக்க சோதனையை அமைத்தனர். 100 மில்லிகிராம் மாவு, நொதி ஏற்றிய தாள், சிறிது நீர் ஆகியவற்றைப் புட்டியில் இட்டு, மஞ்சள் நிறப் பிக்ரேட் தாளையும் உள்ளே வைத்து மூடுவர். மறுநாள் தாள் பழுப்பேறியிருந்தால் நஞ்சு உண்டு. வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவையும் அறியலாம். கிலோ மாவுக்கு 10 மில்லிகிராமே உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்ற எல்லை.

ஆனால், “இது நஞ்சு” என்று சொல்லிவிட்டுப் போனால் அந்தத் தாய் அன்றிரவு எதைச் சமைப்பாள்? அக்குழுவினரே அதற்கும் வழி கண்டனர். மாவை நீர்விட்டுப் பிசைந்து பாயில் மெல்லியதாய்ப் பரப்பி, வெயிலில் 2 மணி நேரமோ நிழலில் 5 மணி நேரமோ விட்டால், நஞ்சின் பெரும்பகுதி ஆவியாய் நீங்கும். அன்றே சமைக்கலாம். 2010ஆம் ஆண்டில் தொடங்கி, காங்கோவின் ஒரு சிற்றூர்ப் பெண்கள் இதைக் கைக்கொண்டனர். அந்த ஆய்வுக் காலத்தில் அங்கே புதிதாக எவரும் முடங்கவில்லை.

அன்பர்களே, ஏழையின் துன்பத்துக்கு அறியாமையே காரணம் என எளிதில் சொல்லிவிடுகிறோம். என் அன்னை “பொறு” என்றது அரை மணி நேரத்துக்கே. நம்புலாவின் அன்னையர் பல நாட்கள் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்களை மணிகளாகக் குறைத்துத் தந்ததே மெய்யான உதவி.